வீட்டு விமான சிமுலேட்டருக்கு விஆர் ஹெட்செட்டா, கையால் தொடும் காக்பிட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் விமான சிமுலேட்டர் அமைப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வந்துவிடுகிறது. பணத்தையும் இடத்தையும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் போடுவதா, சுவிட்சும் குமிழுமாக ஒரு காக்பிட் (விமானி அறை) கட்டுவதா? அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

விஆர் ஹெட்செட் வாங்கிட்டா யோக், த்ராட்டில், பெடல் எதுவும் வேண்டாமா?

வேண்டும். ஹெட்செட் கண்ணுக்கு உதவுகிறது. கைக்கும் காலுக்கும் அது எதுவும் செய்வதில்லை. விமானம் ஓட்டுவதில் பாதிக்கு மேல் கை, கால் வேலைதான். குறைந்தபட்சம் ஒரு ஜாய்ஸ்டிக் அல்லது யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி), ஒரு த்ராட்டில் (இன்ஜின் பவர் லீவர்), ரூடர் பெடல் (வால் திருப்பியை இயக்கும் கால் மிதி) இவை மூன்றும் எந்த வழியில் போனாலும் தேவை.

ஆகவே விஆர் எதிர் காக்பிட் என்ற போட்டி இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. ரேடியோ, ஆட்டோபைலட், விளக்கு சுவிட்சுகள், திரைகள் ஆகியவற்றை மெய்நிகராக வைத்துக்கொள்வதா, கையால் தொடும் பேனலாகச் செய்துகொள்வதா என்பதே உண்மையான கேள்வி.

ரெண்டுல எது நிஜ விமானத்துக்குப் பக்கத்துல வரும்?

வெளியே பார்த்துப் பறக்கும்போது விஆர். உள்ளே பார்த்துப் பறக்கும்போது பேனல்.

செஸ்னா 172 சிறு விமானத்தில், ஓடுதளத்தைச் சுற்றிய சுற்றுப்பாதையில் வந்து இறங்குவதை எடுத்துக்கொள்வோம். டவுன்விண்டில் (ஓடுதளத்துக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் கட்டம்) ஓடுதளத்தின் முனை இடது தோளுக்கு நேராக வந்ததும் பவரைக் குறைக்கிறோம். அதே முனை தோளுக்குப் பின்னால் 45 டிகிரிக்குப் போனதும் பேஸுக்கு (ஓடுதளத்துக்குக் குறுக்காகப் பறக்கும் கட்டம்) திரும்புகிறோம். விஆரில் இதற்குத் தலையைத் திருப்பினால் போதும். ஒற்றை மானிட்டரில் ஹேட் பட்டனை அழுத்திக் காட்சியைச் சுழற்றி, மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்குள் உயரம் நூறு அடி மாறியிருக்கும். பலர் ஃபைனலுக்கு (ஓடுதளத்துக்கு நேரான கடைசிக் கட்டம்) திரும்பும்போது ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விடுவதற்கு இதுவே காரணம். அவர்கள் கையில் குறையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 27 அங்குல மானிட்டரை 60 செ.மீ. தள்ளி வைத்தால் அது நம் பார்வையில் சுமார் 53 டிகிரி அகலத்தை மட்டுமே அடைக்கிறது. சிமுலேட்டர் அதற்குள் 80 டிகிரி காட்சியைத் திணிக்கும்போது ஓடுதளம் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். மூக்கைத் தூக்க வேண்டிய நொடி பிசகும். விஆரில் எல்லாம் அதனதன் உண்மையான அளவில் இருப்பதால் இந்தக் கோளாறு வராது. ஆனால் மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கையில், குமிழைத் திருப்பி அதிர்வெண் மாற்றி, சார்ட் பார்த்து, எழுதி வைக்கும் வேலைகளில் கையால் தொடும் பேனலே மேல்.

அப்போ எதை முதல்ல வாங்கணும்?

முதல் கேள்வியில் சொன்ன மூன்றையும் முதலில் வாங்குங்கள். அதில் எதுவும் வீணாகாது. பிறகு சில வாரம் பறந்து பார்த்து, உங்கள் நேரம் எதில் போகிறது என்று கவனியுங்கள்.

ஹெலிகாப்டர், போர் விமானம், மலைப்பகுதியில் தாழப் பறப்பது, கிளைடர் என்றால் விஆருக்குப் போங்கள். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் மிதக்க வைப்பது பக்கப் பார்வையையும் ஆழ உணர்வையும் நம்பிய வேலை; மானிட்டரில் மாதக்கணக்கில் திணறியவர்கூட விஆரில் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். ஏர்லைனரில் நான்கு மணி நேரப் பயணம், இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் (கருவிகளை நம்பி இறங்க வருவது), ஆன்லைனில் ஏடிசியோடு (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்) பேசிப் பறப்பது என்றால் பேனல். ஒரே வகை விமானத்தை மட்டும் ஓட்டுகிறவருக்கும் பேனல் பொருந்தும். இன்று செஸ்னா, நாளை ஏர்பஸ், மறுநாள் எஃப்-16 என்று மாறுகிறவருக்குப் பேனல் பெரும் தொல்லை. விஆரிலோ காக்பிட் விமானத்தோடு சேர்ந்தே மாறிவிடும்.

என் கம்ப்யூட்டர் விஆரைத் தாங்குமா?

பிக்சலை எண்ணிப் பாருங்கள். மூன்று சாதாரண 1920×1080 மானிட்டர் சேர்ந்தால் சுமார் 62 லட்சம் பிக்சல். ஒரு 4கே மானிட்டர் 83 லட்சம். குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208, இரு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். லென்ஸின் வளைவைச் சரிசெய்ய, கிராபிக்ஸ் கார்டு அதைவிடப் பெரிய படத்தையே வரைய வேண்டியிருக்கிறது.

அடுத்தது நேரம். 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 11.1 மில்லி நொடிதான் கிடைக்கும். பெரிய விமான நிலையத்தில் இதை எட்டுவது மிக நல்ல கணினிக்கே கஷ்டம். அதனால் பலர் ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸில் வைத்து, 36 படம் மட்டும் வரைந்து, இடைப்பட்டதை மென்பொருள் ஊகித்து நிரப்பும்படி விடுகிறார்கள். தொலைவுக் காட்சிக்கு இது நன்றாகவே இருக்கும். அருகில் சுழலும் புரொப்பெல்லர் மட்டும் நெளியும். கார்டில் 8 ஜிபி நினைவகம் சீக்கிரம் நிரம்பி, படம் திக்கித் திக்கி ஓடும். 12 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். சுவிட்ச் பேனலுக்கோ இப்படிப்பட்ட சுமை எதுவும் இல்லை.

விஆர்ல எழுத்து மங்கலா இருக்கு. ஹெட்செட் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. கூர்மையான கண் ஒரு டிகிரிக்கு 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்கும். குவெஸ்ட் 3 தருவது 25 அளவில். ஆகவே ஏர்லைனரின் எஃப்எம்சி (பயணத் திட்டக் கணினி) திரையில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க முன்னால் குனிய வேண்டியிருக்கும்.

குனிவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். ஹெட்செட்டை முகத்தில் மேலும் கீழும் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, எழுத்து தெளியும் இடத்தில் பட்டையை இறுக்குங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து (பெரியவர்களுக்கு சராசரி சுமார் 63 மி.மீ.) லென்ஸை அதற்கு அமையுங்கள். டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் கிராபிக்ஸ் கார்டு வசதி) ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் இருந்தால் ‘குவாலிட்டி’க்கு மாற்றுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் உயர எண்களுக்குப் பின்னால் நிழல் வால் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

கண்ணாடி போடுறவங்க என்ன செய்யறது?

ஹெட்செட்டின் படம் கண்ணுக்கு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல அமைந்திருக்கிறது. படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவருக்கு அநேகமாக அது இல்லாமலே தெரியும். கிட்டப்பார்வைக் காரருக்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் கண்ணாடி ஹெட்செட் லென்ஸில் உரசினால் இரண்டிலும் கீறல் விழும். உங்கள் பவருக்குச் செய்து ஹெட்செட்டில் பொருத்தும் லென்ஸ்கள் கிடைக்கின்றன; அதுவே நல்ல வழி. கழற்றி வைக்கும்போது லென்ஸ் பக்கம் வெயில் படக்கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

அஞ்சு நிமிஷத்துல தலை சுத்தி வாந்தி வர்ற மாதிரி இருக்கே?

கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உட்காது ‘இல்லை’ என்கிறது. அந்த முரண்பாடுதான் காரணம். அறிகுறி தெரிந்த உடனே ஹெட்செட்டைக் கழற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும்.

முதல் வாரம் பத்து, பதினைந்து நிமிடம் போதும். காலை வெளிச்சத்தில், காற்று இல்லாத வானில், நேராகவும் மட்டமாகவும் பறங்கள். விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வதுதான் (டாக்ஸி) மிகவும் படுத்தும். திரும்பும்போது பக்கவாட்டில் பார்க்காதீர்கள். சிமுலேட்டரில் கேமரா அதிர்வு, தலை அசைவு விளைவுகளை அணையுங்கள். முகத்தில் படும்படி ஒரு மின்விசிறி வையுங்கள். படம் திக்கினால் குமட்டல் இரட்டிப்பாகும். அழகைக் குறைத்தாவது சீரான ஓட்டத்தைக் கொண்டுவாருங்கள்.

ஹெட்செட் போட்டதும் சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியலையே, எப்படித் தொடுறது?

தடவித்தான். அதற்கு ஒவ்வொரு லீவரும் விரலுக்கு வேறு வேறாகத் தெரிய வேண்டும். இது வீட்டுக் காக்பிட்டுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மடக்குவதாக எண்ணி லேண்டிங் கியரை (தரையிறங்கும் சக்கரங்கள்) மடக்கிய சம்பவங்கள் நடந்தன. இரண்டு சுவிட்சும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. அமெரிக்க ராணுவ விமானப் படையில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் கியர் கைப்பிடியில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப் கைப்பிடியில் ஆப்பு வடிவத்தையும் ஒட்டச் செய்தார். இன்றும் அமெரிக்க விமான விதிகளின் 25.781 பிரிவு பயணிகள் விமானங்களில் கியர் குமிழ் சக்கரம் போலவும் ஃபிளாப் குமிழ் இறக்கை வடிவிலும் இருக்க வேண்டும் என்கிறது.

இதையே வீட்டிலும் செய்யுங்கள். வரிசையாக ஆறு சுவிட்ச் இருந்தால், மூன்றாவதன் மேல் வெப்பத்தால் சுருங்கும் குழாயை ஒரு துண்டு மாட்டுங்கள். மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) லீவரின் தலையில் வரிப்பள்ளம் இருக்கட்டும், த்ராட்டில் வழவழப்பாக இருக்கட்டும். கை எப்போதும் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும்: த்ராட்டிலில் உள்ளங்கையை வைத்து, அங்கிருந்து கட்டைவிரல் எட்டும் தூரத்தில் ஃபிளாப், அதற்குக் கீழே டிரிம் சக்கரம் (யோக்கில் தொடர்ந்து தர வேண்டிய அழுத்தத்தைப் போக்குவது). கண்ணால் பார்க்காமல் தொடக்கூடிய எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. இருபதைத் தாண்டினால் தவறான சுவிட்சில்தான் விரல் போகும்.

ஹெட்செட்டோட வர்ற கைப்பிடியாலயே சுவிட்சைப் போட்டா என்ன?

சுவிட்சுக்குப் பரவாயில்லை. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டர் 2018 முதலே இதை அனுமதிக்கிறது. ஆனால் யோக்கையும் அதாலேயே பிடிக்கப் பார்க்காதீர்கள். கைக்கு எதிர்ப்பு எதுவும் கிடைக்காது, முழங்கை அந்தரத்தில் தொங்கும், சற்று நேரத்தில் தோள் வலிக்கும்; விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் யோக்கை விட்டுக் கைப்பிடியை எடுப்பதும் வைப்பதும் அதைவிட எரிச்சல். யோக்குக்கு அருகில் ஒரு டிராக்பால் மவுஸை ஒட்டி வைத்து, பார்வையால் குறிவைத்து அதன் பட்டனை அழுத்துவது பலருக்குக் கைகொடுக்கும்.

கண்ணுல தெரியுற த்ராட்டில் ஒரு இடம், கையில படுறது வேற இடம். இதை எப்படிச் சரி பண்றது?

விஆரில் கருவிகளைச் சேர்ப்பதில் அதிகம் பேர் சோர்ந்துபோகும் இடம் இது. பொறுமையாக ஒரு மாலை ஒதுக்கினால் முடிந்துவிடும்.

முதலில் நாற்காலியை அசையாமல் நிறுத்துங்கள். சக்கர நாற்காலி என்றால் பெடலை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் நழுவும். பெடல் பலகைக்கும் நாற்காலித் தண்டுக்கும் நடுவே ஒரு பட்டையை இழுத்துக் கட்டுங்கள், அல்லது சக்கரங்களைக் கிண்ணங்களில் இறக்குங்கள். முதுகை ஒட்டி உட்கார்ந்து நேராகப் பார்த்து, காட்சியை மையப்படுத்தும் பட்டனை அழுத்துங்கள். அந்தப் பட்டன் யோக்கிலேயே இருக்கட்டும். பறக்கும்போது பலமுறை தேவைப்படும்.

இப்போது கண்ணில் தெரியும் யோக்கின் நடுவில் கையை வைத்து, ஹெட்செட்டின் கேமரா வழியாக உண்மை அறையைப் பாருங்கள். கைக்கும் உண்மை யோக்குக்கும் எத்தனை செ.மீ. வித்தியாசம் என்று தெரிந்துவிடும். முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு தூரத்தை. த்ராட்டிலுக்கும் அப்படியே. எல்லாம் ஒத்துவந்ததும் மேசையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். இரண்டு, மூன்று செ.மீ. பிசகை மூளை பொறுத்துக்கொள்ளும். பத்து செ.மீ. என்றால் ஒவ்வொரு முறையும் கை தடுமாறும். மேசை விளிம்பில் கவ்வும் யோக் பொதுவாக மிக உயரத்தில் அமைந்துவிடும். மேசையின் மேல்பரப்புக்குக் கீழே ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் பொருத்துவது நல்லது.

பேனலை நானே செய்யலாமா? எலக்ட்ரானிக்ஸ் தெரியாது.

செய்யலாம். ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு மின்னணுப் பலகையில் 54 டிஜிட்டல் முனைகளும் 16 அனலாக் முனைகளும் உள்ளன. மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள் அதைச் சிமுலேட்டரோடு இணைக்கும். நிரல் எழுத வேண்டியதில்லை. சுவிட்சின் ஒரு காலை முனையிலும் மறு காலை கிரவுண்டிலும் கொடுத்தால் போதும், ரெசிஸ்டர் தேவையில்லை. முனைகள் போதாமல் சுவிட்சுகளை மேட்ரிக்ஸாக (குறுக்கும் நெடுக்குமான கட்டமாக) இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் 1என்4148 டயோடு ஒன்று போடுங்கள். போடாவிட்டால் மூன்று சுவிட்சை ஒன்றாகப் போடும்போது தொடாத நான்காவதும் விழுந்ததாகக் காட்டும்.

லீவருக்குப் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பும் அளவை உணரும் மாறு மின்தடை) வாங்கும்போது பி10கே என்று கேளுங்கள். அது சீராக மாறும். ஏ10கே ஒலிக்கருவிகளுக்கானது, பாதி தூரம் தள்ளினாலும் பவர் பாதிக்கு வராது. மேலும் பொட்டென்ஷியோமீட்டர் சுமார் 300 டிகிரி சுழலும், லீவரோ 60 டிகிரிதான் நகரும். பலகை அளக்கும் 1024 படிகளில் 205 மட்டுமே பயன்படும். பல்சக்கரம் வைத்துச் சுழற்சியைப் பெருக்குங்கள், அல்லது காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சாருக்கு மாறுங்கள். ரேடியோ குமிழுக்கான என்கோடரில் (சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றும் பாகம்) ஒரு ‘கிளிக்’குக்கு எத்தனை துடிப்பு என்பது வகைக்கு வகை மாறும். ஒரு கிளிக்குக்கு எண் இரண்டாகத் தாவினாலோ, இரண்டு கிளிக்குக்கு ஒன்றுதான் நகர்ந்தாலோ, என்கோடர் நன்றாகத்தான் இருக்கிறது. மென்பொருளில் அதன் வகையை மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் முன்பே யோசியுங்கள். விஆருக்குப் போகும் எண்ணம் இருந்தால் பேனலில் திரைகள் வைக்காதீர்கள். ஹெட்செட் போட்ட பின் அவை கண்ணில் படாது. சிமுலேட்டரிலிருந்து தனி ஜன்னலாகப் பிரித்த ஒவ்வொரு திரையும் படவேகத்தை வேறு குறைக்கும். குமிழ்களும் சுவிட்சும் மட்டும் போதும்.

என் சுவிட்ச் மேலே இருக்கு, ஆனா சிமுலேட்டர்ல லைட் அணைஞ்சிருக்கு. ஏன்?

சுவிட்சுக்கு ‘டாகிள்’ கட்டளையைக் கொடுத்திருப்பீர்கள். அது ‘இருப்பதை மாற்று’ என்று மட்டும் சொல்லும். சிமுலேட்டர் விமானத்தை விளக்கு எரியும் நிலையில் ஏற்றினால், உங்கள் முதல் அசைவு அதை அணைத்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ்தான்.

‘போடு’, ‘அணை’ என்ற இரண்டு கட்டளைகளைத் தனித்தனியாகக் கொடுங்கள்: சுவிட்ச் மேலே போனால் ஒன்று, கீழே வந்தால் மற்றொன்று. அப்படிச் செய்தாலும் விமானம் ஏறும் நொடியில் நிலை ஒத்துப்போகாமல் இருக்கலாம். எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டு எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். விஆரில் இதை விட்டுவிட்டால் குழப்பம் கூடும், ஏனென்றால் விரல் சொல்வதும் கண் சொல்வதும் வேறாக இருக்கும்.

பறந்துட்டு இருக்கும்போதே யோக் செத்துப்போகுது, ரூடர் நடுங்குது.

இரண்டும் வெவ்வேறு நோய். திடீரென்று வேலை நிற்பது பெரும்பாலும் யுஎஸ்பி மின்சாரக் குறைவு. யுஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சாதாரண ஹப்பில் நான்கு கருவியைச் செருகினால் அதையே பங்குபோட வேண்டும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை அணையுங்கள். ஹெட்செட் கேபிளுக்கு மதர்போர்டில் தனித் துளை கொடுங்கள், ஹப்பில் சேர்க்காதீர்கள்.

நடுங்குவது பொட்டென்ஷியோமீட்டரின் தேய்மானம் அல்லது தூசு. தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை ஒரு சொட்டு விட்டு, பெடலை முழுத் தூரம் பலமுறை ஆட்டிப் பாருங்கள். திரும்பவும் வந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹால் சென்சாரில் உரசல் இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது.

விஆர்ல சார்ட்டும் செக்லிஸ்ட்டும் எப்படிப் பார்க்கறது?

ஓப்பன்நீபோர்டு என்ற இலவச மென்பொருள் பிடிஎஃப் சார்ட்டைத் தொடைமேல் வைத்த பலகைபோல ஹெட்செட்டுக்குள் காட்டும். பக்கம் புரட்ட யோக்கில் இரண்டு பட்டன் ஒதுக்குங்கள். எழுதுவதுதான் கஷ்டம். ஏடிசி அனுமதியை எழுதிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் நீண்ட இன்ஸ்ட்ருமென்ட் பயணத்துக்கு மானிட்டருக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கலாம்.

ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது, மலிவும்கூட. தலை அசைவைப் பின்தொடரும் டிராக்ஐஆர் போன்ற கருவி, அல்லது சாதாரண வெப்கேமும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும். தலையை 20 டிகிரி திருப்பினால் காட்சி 90 டிகிரி திரும்பும். முன்பு சொன்ன பேஸ் திருப்பச் சிக்கல் ஓரளவு தீர்ந்துவிடும். பேனலும் பேனாவும் காபியும் கண்ணெதிரே இருக்கும். ஆழ உணர்வு மட்டும் வராது.

இன்னொரு வழி, ஹெட்செட் கேமரா வழியாக உண்மைப் பேனலை மட்டும் காட்டி, ஜன்னலுக்கு வெளியே சிமுலேட்டர் உலகைக் காட்டுவது. கேட்க அருமையாக இருக்கும். நடைமுறையில் கேமராப் படம் அறை வெளிச்சம் குறைந்தால் புள்ளி புள்ளியாகிறது, அருகிலுள்ள பொருளின் விளிம்பு நெளிகிறது. பேனலில் திரை இருந்தால் அது வெளுத்துப்போய்த் தெரியும். சுவிட்சைக் கண்டுபிடிக்க உதவும். கருவியைப் படிக்க இன்னும் போதாது என்பதே எங்கள் கருத்து.

இப்படி வீட்டுல பறக்கறதை நிஜ லைசென்ஸுக்கு மணிக்கணக்கா எடுத்துக்குவாங்களா?

வீட்டில் சேர்த்த அமைப்பை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் எஃப்ஏஏ (விமானப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகரித்த பயிற்சிக் கருவியில், பயிற்றுநர் உடனிருந்தால், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (கருவிகளை நம்பிப் பறப்பதற்கான தகுதி) அடிப்படைக் கருவியில் 10 மணி வரையும் மேம்பட்ட கருவியில் 20 மணி வரையும் கணக்கில் சேரும். அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட கருவிக்கு. நீங்கள் ஓட்டும் மென்பொருளுக்கு அல்ல.

விஆர் என்பதாலேயே ஒதுக்குவதும் இல்லை. ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான விஆர் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா 2021-இல் முதன்முதலாகச் சான்று வழங்கியது. அதில் கண்ணுக்கு ஹெட்செட், கைக்கும் காலுக்கும் ஆர்22-இன் அளவிலேயே அமைந்த உண்மையான கட்டுப்பாடுகள், அடியில் அசையும் மேடை. பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பவர் வீட்டு அமைப்பில் செக்லிஸ்ட் வரிசை, ரேடியோ பேச்சு, சுற்றுப்பாதையில் எங்கே எதைச் செய்வது ஆகியவற்றைப் பழகலாம். தரையிறங்கும்போது யோக்கை இழுக்கும் அழுத்தத்தை மட்டும் வீட்டில் பழகிக்கொண்டு போகாதீர்கள். சிமுலேட்டர் யோக்கின் ஸ்பிரிங் எந்த வேகத்திலும் ஒரே மாதிரி இழுக்கும். உண்மை விமானத்தில் வேகம் குறையக் குறைய அந்த எதிர்ப்பும் குறையும். முதல் பாடத்திலேயே உங்கள் பயிற்றுநரிடம் வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுவதைச் சொல்லிவிடுங்கள். வெளியே பார்க்காமல் கருவியையே முறைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அவர் அப்போதே கண்டுபிடித்துத் திருத்துவார்.